கூடவா, குறையவா? நிறைவெண்ணையும் தனிப்பெறுமானத்தையும் பிள்ளைக்கு விளங்கவைப்பது எப்படி

தரம் 7 படிக்கும் என் தங்கையின் மகன் போன மாதம் ஒரு நாள் கணிதக் கொப்பியோடு வந்து விறாந்தையில் குந்தினான். முதல் கணக்கு −3 − 5. விடை 8 என்று எழுதி, கீழே இரண்டு கோடும் அடித்திருந்தான். எப்படியடா வந்தது என்று கேட்டேன். "மறையும் மறையும் நேர்தானே மாமா" என்றான், யோசிக்கவே இல்லை. அவனைப் பேச எனக்கு வாய் வரவில்லை. நானும் அதே வயதில் அதே வரியைப் பாடமாக்கி, அதே பிழையை விட்டு, ஒரு தவணைப் பரீட்சையில் பத்துக் கணக்கில் ஆறைத் தொலைத்தவன். அந்த வரி பெருக்கலுக்கு உரியது, கூட்டல் கழித்தலில் அதைக் கண்டபடி கொண்டுவரக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வகுப்பு முழுக்க ராகம் போட்டுக் கத்திய சத்தத்தில் எங்கள் காதில் விழுந்திருக்காது.

அன்றைக்கு அவனோடு இரண்டு மணித்தியாலம், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் வந்து சேர்ந்ததில் இரண்டு வாரப் பின்னேரங்கள். அப்போது என்ன செய்தோம், எது வேலை செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளையோடு குந்தியிருந்து மண்டையைச் சொறியும் அம்மா அப்பாவுக்கு, புதிதாக ரியூசன் கொடுக்கத் தொடங்கியிருக்கும் அக்காமாருக்கு, அல்லது தரம் 7 படிப்பது நீங்களே என்றால் உங்களுக்கு.

என் கணக்கில் இந்தப் பாடம் முழுக்க இரண்டு கேள்விகள்தான். எந்தப் பக்கம்? எவ்வளவு தூரம்? −5 என்ற எண் இரண்டுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்கிறது: மறைப் பக்கம், 5 அடி. அதன் தனிப்பெறுமானம் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது: 5. பிள்ளை எங்கே பிழை விட்டாலும் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றைக் கேட்க மற்றதற்குப் பதில் சொல்லியிருக்கும்.

பெயர்களைக் கெதியாக முடித்துவிடுவோம். 1, 2, 3 என்று போகும் நேர் எண்கள், அவற்றுக்கு எதிர்ப்பக்கம் −1, −2, −3 என்று போகும் மறை எண்கள், நடுவில் பூச்சியம், எல்லாம் சேர்ந்ததுதான் நிறைவெண்கள். அரை, 2.5, −0.7 எல்லாம் இதற்குள் வராது. பூச்சியம் நேரும் இல்லை, மறையும் இல்லை. நம் புத்தகத்தில் நிறைவெண், நேர், மறை என்று இருப்பதை இந்தியத் தமிழ்ப் புத்தகங்களில் முழுக்கள், மிகை, குறை என்பார்கள். தனிப்பெறுமானத்தை அங்கே தனிமதிப்பு என்றும் மட்டு மதிப்பு என்றும் சொல்வதுண்டு. யூடியூபில் பாடம் பார்க்கிற பிள்ளை இந்தப் பெயர்களிலேயே பாதி குழம்பிப்போய் இருக்கும், ஆகவே முதல் நாளே சொல்லி வையுங்கள்.

முற்றத்தில் ஒரு கோடு

கொப்பியை மூடி வையுங்கள். வெண்கட்டி ஒன்றை எடுத்து, முற்றத்துச் சீமெந்தில் நீளமாக ஒரு கோடு கீறி, நடுவில் 0 போட்டு, ஒரு பாத அளவுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் 10 வரைக்கும் அடையாளம் வையுங்கள். எங்கள் வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே ரோட்டு. ஆகவே கடல் பக்கம் நேர் எண்கள், ரோட்டுப் பக்கம் மறை எண்கள் என்று வைத்துக்கொண்டோம். வலம் இடம் என்று சொன்னால் பிள்ளை திரும்பி நிற்கும்போது வலம் இடமாகிவிடும். கடல் எங்கேயும் போகாது. உங்கள் வீட்டில் கடல் இல்லாவிட்டால் கோயில் பக்கம், கிணற்றுப் பக்கம் என்று எதையாவது வையுங்கள், அசையாத ஒன்றாக இருந்தால் சரி.

நடக்கிற விதி இதுதான். முதல் எண்ணில் போய் நில். அடுத்து வருவது சக (+) என்றால் கடலைப் பார், சய (−) என்றால் ரோட்டைப் பார். அதற்குப் பின்னால் வரும் எண் நேர் என்றால் பார்த்த பக்கமே நட. மறை என்றால் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாக நட. கால் எங்கே நிற்கிறதோ அதுதான் விடை.

2 + (−6) என்றால் 2இல் நின்று, கடலைப் பார்த்தபடி, பின்பக்கமாக 6 அடி. கால் −4இல் இருக்கும். 2 − (−3) என்றால் 2இல் நின்று, ரோட்டைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாக 3 அடி. ரோட்டைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனால் கடலை நோக்கித்தானே போவோம், ஆகவே 5. கழித்தலும் மறையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஏன் கூட்டலாகிறது என்பதை நான் வாயால் சொல்லி விளங்கவைக்க முயன்று தோற்றிருக்கிறேன். பின்னால் நடந்து பார்த்த பிள்ளைக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு மருமகனை −3 − 5க்குக் கொண்டு வந்தேன். −3இல் நின்றான். சய, ரோட்டைப் பார்த்தான். 5 நேர் எண், ஆகவே முன்பக்கமாக ஐந்து அடி, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். குனிந்து காலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு "எட்டுத்தான் மாமா, ஆனா மற்றப் பக்கம்" என்றான்.

அவன் சொன்னதை நானே இவ்வளவு வடிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். தூரத்தில் பிழையில்லை, பக்கத்தில்தான் பிழை. −3 − 5இல் இரண்டு சின்னக் கோடுகள் இருந்தாலும் அவை ஒரே வேலையைச் செய்வதில்லை. முதல் கோடு 3 நிற்கும் பக்கத்தைச் சொல்கிறது, இரண்டாவது கோடு "கழி" என்று நம்மை ஏவுகிறது. இரண்டும் நெற்றிக்கு நெற்றி சந்திக்கவே இல்லை, இடையில் 3 நிற்கிறது. 2 − (−3) போல நேராக ஒட்டி வந்தால் மட்டும் திருப்பம் நடக்கும். புத்தகத்தில் மறை எண்ணுக்கு அடைப்புக்குறி போடுவது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான், பிள்ளை அலங்காரத்துக்கு என்று நினைத்து அதை விட்டுவிட்டு எழுதும். விட விடாதீர்கள், குறைந்தது முதல் ஒரு மாதத்துக்காவது.

கடைக்காரரின் கொப்பி

நடக்க இடமில்லாத வீட்டுக்குக் கடன் கொப்பி போதும். சந்திக் கடையில் உங்கள் பெயருக்கு 450 ரூபாய் கடன் என்றால் உங்கள் நிலை −450. 200 ரூபாய் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள், −450 + 200 = −250. கடைக்காரர் கொப்பியைப் புரட்டும்போது 100 ரூபாய்ச் சீனியை இரண்டு தரம் எழுதியிருப்பதைக் கண்டு ஒன்றை வெட்டிவிடுகிறார். ஒரு கடனை எடுத்துவிட்டார், அதாவது கழித்தார்: −250 − (−100) = −150. நீங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை, ஆனாலும் நிலைமை 100 ரூபாயால் மேலே வந்துவிட்டது.

இது நான் கண்டுபிடித்த உதாரணம் இல்லை. இந்தியக் கணிதக்காரர் பிரமகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே நேர் எண்ணைச் செல்வம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் வைத்துத்தான் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை எழுதினார். பூச்சியத்தில் இருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்பது அவருடைய விதிகளில் ஒன்று. ஐரோப்பாவில் அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டு கழித்தும் பெரிய பெரிய கணிதக்காரர்கள் மறை எண் என்று ஒன்று இருக்கவே முடியாது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள், ஆகவே உங்கள் பிள்ளைக்கு ஒரு வாரம் பிடித்தால் கோபிக்காதீர்கள்.

பெருக்கலுக்குக் கிணறு

பெருக்கலை அந்தக் கோட்டிலும் காட்டலாம், ஆனால் பிள்ளைகளுக்குக் கிணறு நன்றாகப் பிடித்தது. இங்கே மாரி முடிந்து வைகாசி, ஆனி என்று போகப்போகக் கிணறு இறங்கிக்கொண்டே போவதை எல்லாப் பிள்ளையும் பார்த்திருக்கிறது, வாளிக் கயிற்றுக்கு ஒரு துண்டு முடிச்சுப் போட்டு நீட்டியும் இருக்கும். தண்ணீர் ஒரு நாளைக்கு 2 அங்குலம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை −2 என்று எழுதுவோம். இன்றைய மட்டம் 0.

இன்னும் 3 நாளில் எங்கே இருக்கும்? 3 × (−2) = −6, இன்றையதை விட 6 அங்குலம் கீழே. சரி, 3 நாளுக்கு முன்னம் எங்கே இருந்தது? நாளும் இப்போது மறை, ஏனென்றால் பின்னுக்குப் போகிறோம்: (−3) × (−2). இன்றையதை விட 6 அங்குலம் மேலே இருந்திருக்க வேண்டும், ஆகவே +6. பாட்டாகப் பாடமாக்கிய "மறையும் மறையும் நேர்" இங்கேதான் சொந்த வீட்டுக்கு வந்து சேர்கிறது. இறங்குகிற ஒன்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ஏறுகிறது, அவ்வளவுதான். வகுத்தலுக்கும் இதே குறி விதிதான், அதற்கு வேறு கதை தேவையில்லை.

இன்னும் சந்தேகப்படுகிற பிள்ளைக்கு (எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது, நல்ல பிள்ளை) ஒழுங்கை எழுதிக் காட்டுங்கள்: 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு படியிலும் விடை 2ஆல் கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−2). விடை என்னவாக இருந்தால் ஒழுங்கு உடையாது என்று கேளுங்கள்.

"கூட" என்ற சொல் செய்கிற வேலை

இனி எது பெரியது, எது சிறியது. என் அண்ணன் டொரொன்டோவில் இருக்கிறார், மாரியில் அழைத்தால் முதல் பேச்சே குளிர்தான். நேற்று −8, இன்றைக்கு −15 என்றார். போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன், −8, −15 இரண்டில் எது பெரிய எண்? நாலு பேரும் −15 என்றார்கள். ஏன்? "குளிர் கூடத்தானே."

பிழை பிள்ளையிடம் மட்டும் இல்லை, நம் பேச்சிலும் இருக்கிறது. குளிர் கூட என்கிறோம், கடன் கூட என்கிறோம், ஆழம் கூட என்கிறோம். அந்தக் "கூட" எல்லாம் பூச்சியத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்பதைத்தான் சொல்கிறது. எண்களில் பெரியது என்றால் வேறு: கோட்டில் யார் கடலுக்குக் கிட்ட நிற்கிறார்கள் என்பது. −8 கடலுக்குக் கிட்ட, ஆகவே −8 > −15. ஆயிரம் ரூபாய் கடன்காரனும் நூறு ரூபாய் கடன்காரனும் நின்றால் கடன் கூட யாருக்கு என்பதும், கையில் நிலைமை நல்லது யாருக்கு என்பதும் ஒரே ஆளைக் காட்டாது.

ஆகவே நான் இரண்டு வரியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுத வைத்தேன்:

−15 < −8
|−15| > |−8|

முதல் வரி எந்த எண் பெரியது என்பதற்கு, இரண்டாவது வரி தூரம் யாருக்குக் கூட என்பதற்கு. "குளிர் கூட" என்று அவர்கள் சொன்னது இரண்டாவது வரிக்குச் சரியான விடை. கேட்ட கேள்விதான் வேறு. இப்படிச் சொன்னால் பிள்ளைக்குத் தான் மொக்கு என்ற எண்ணம் வராது, அது எனக்கு முக்கியம்.

தனிப்பெறுமானம்

மேலே இருக்கும் அந்த இரண்டு நிமிர்ந்த கோடுகள்தான் தனிப்பெறுமானக் குறி. ஜெர்மன் கணிதக்காரர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் 1841இல் எழுதத் தொடங்கியது. ஓர் எண்ணின் தனிப்பெறுமானம் என்றால் அது பூச்சியத்தில் இருந்து நிற்கும் தூரம். |7| = 7, |−7| = 7, |0| = 0. தூரம் என்பதால் மறையாக வராது.

திருகோணமலைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கடல் வரைபடம். நம் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, அதற்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று 3000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. மாலுமிகள் பாவிக்கும் வரைபடத்தில் தண்ணீர்ப் பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன எண்கள் தூவியிருக்கும். எல்லாம் மட்டத்துக்குக் கீழே உள்ள ஆழங்கள், நம் எண்கோட்டில் போட்டால் எல்லாம் மறை எண்கள், ஆனால் ஒன்றுக்கும் மறைக் குறி கிடையாது. 20 மீற்றர் ஆழமான இடத்தில் வெறும் 20 என்று இருக்கும். கடல் என்றாலே கீழே என்று பார்ப்பவருக்குத் தெரியும், பக்கத்தைச் சொல்லத் தேவையில்லை, தூரம் மட்டும் போதும். அதாவது |−20| அச்சடித்திருக்கிறது.

அதே வரைபடத்தில் வற்றுநீரில் வெளியே தெரிகிற பாறை, திட்டு எல்லாம் உண்டு. அவை மட்டத்துக்கு மேலே. அப்போது பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஆகவே அந்த எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போடுவார்கள். பாருங்கள், நாம் மறைக்குக் குறி போடுகிறோம், அவர்கள் நேருக்குக் குறி போடுகிறார்கள், வேலை ஒன்றுதான். மீன்பிடிக்காரரும் அப்படித்தான், "பதினைஞ்சு பாகம்" என்பார்கள் (ஒரு பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், கிட்டத்தட்ட 6 அடி), மறை பதினைந்து பாகம் என்று சொல்கிற ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

இப்போது கூட்டல் விதியைத் திரும்ப எடுத்தால் தனிப்பெறுமானம் எதற்கு என்று தெரியும். ஒரே குறி உள்ள இரண்டு எண் என்றால் தனிப்பெறுமானங்களைக் கூட்டி அந்தக் குறியைப் போடு: −3 + (−5), தூரம் 3ம் 5ம் 8, பக்கம் மறை, −8. வேறு வேறு குறி என்றால் தூரத்தில் பெரியதில் இருந்து சிறியதைக் கழித்து, தூரம் பெரிதாக இருந்தவரின் குறியைப் போடு: −17 + 9, 17இல் 9 போனால் 8, தூரம் பெரியவர் மறைப் பக்கம், −8. கோட்டில் நடந்து பழகியதும் இந்த விதிக்கு வாருங்கள். முதலிலேயே இதைக் கொடுத்தால் இன்னொரு பாட்டாகிவிடும்.

"குறியை அழி" என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்

தனிப்பெறுமானம் என்றால் மறைக் குறியை அழிப்பது என்று சொன்னால் |−7| வரைக்கும் ஓடும். அதற்குப் பிறகு நடக்கிற கூத்தைப் பாருங்கள். |3 − 8| கொடுத்தேன். ஒரு பிள்ளை குறியை அழித்துவிட்டு 3க்கும் 8க்கும் நடுவில் என்ன போடுவது என்று தெரியாமல் சக போட்டு 11 என்றது. உள்ளே இருப்பதை முதலில் செய்து முடிக்க வேண்டும்: 3 − 8 = −5, பூச்சியத்தில் இருந்து தூரம் 5. அந்தக் கோடுகள் அடைப்புக்குறி மாதிரியும் வேலை செய்கின்றன.

−|−4| இன்னொன்று. உள்ளே தூரம் 4, வெளியே ஒரு மறை காத்துக்கொண்டு நிற்கிறது, விடை −4. கண்ட மறை எல்லாம் அழிக்கப் பழகிய பிள்ளை 4 என்று எழுதும். இதற்குள் இன்னொரு பிழையும் நுழையும்: மறையும் மறையும் நேர் என்று பெருக்கிவிட்டு 4 என்று எழுதுவது.

|x| = 198 என்ற கணக்குக்கு எங்கள் ஊரிலேயே ஒரு படம் இருக்கிறது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதற்கு முன்னம் பாதையில் ஏறித்தான் கடந்தார்கள், பாதை என்றால் இங்கே தெரியும்தானே, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. பாலத்தின் சரிநடுவில் நின்று அதை 0 என்று வையுங்கள். கிண்ணியாப் பக்க முனை 198, இங்கால் பக்க முனை −198. நடுவில் இருந்து 198 மீற்றர் தூரத்தில் யாரோ நிற்கிறார் என்று மட்டும் சொன்னால் எந்த முனை என்று எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே x = 198 அல்லது x = −198, இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதிப் பாதிப் புள்ளியை விடுகிற பிள்ளைகள் அனேகம்.

இரண்டு முனைக்கும் இடையில் எவ்வளவு என்றால் ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துத் தனிப்பெறுமானம் எடுக்க வேண்டும்: |198 − (−198)| = 396. மாற்றிக் கழித்தாலும் |−198 − 198| = |−396| = 396. எந்தப் பக்கத்தில் இருந்து நடந்தாலும் பாலத்தின் நீளம் மாறாது. எனக்கு இந்தப் பாடத்திலேயே ஆகப் பிடித்த விஷயம் இதுதான், |a − b| என்றால் இரண்டு இடத்துக்கு நடுவில் உள்ள தூரம். உயர்தரம் வரைக்கும் கூட வரும்.

எழுத்து வந்ததும் பயப்படுகிற ஓர் இடம் உண்டு. a மறை எண் என்றால் |a| = −a என்று புத்தகத்தில் இருக்கும், பிள்ளை "தனிப்பெறுமானம் மறையாக வராது என்றீர்களே" என்று கேட்கும். கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். −a என்பது மறை எண் என்று அர்த்தமில்லை, aக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள எண் என்றுதான் அர்த்தம். a = −6 என்றால் −a = 6. ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் முடிந்துவிடும், நீட்டத் தேவையில்லை.

டொரொன்டோவுக்கு எப்போது போன் எடுப்பது

கடைசி நாளுக்கு இதை வைத்திருந்தேன். உலக நேரத்தைப் பூச்சியம் என்று வைத்தால் இலங்கை +5.5இல் நிற்கிறது, டொரொன்டோ மாரிகாலத்தில் −5இல். இடைவெளி எவ்வளவு? பிள்ளைகள் அரை மணி என்றார்கள், 5.5இல் 5 போனால் அரைதானே. கோட்டில் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒருவன் கடல் பக்கம் ஐந்தரையில் நின்றான், மற்றவன் ரோட்டுப் பக்கம் ஐந்தில் நின்றான், நடுவில் முற்றம் கிடக்கிறது. |5.5 − (−5)| = 10.5. இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே காலை 9.30. கோடைகாலத்தில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றி −4க்கு வருவார்கள், அப்போது 9.5 மணித்தியாலம்.

"பத்தரை நிறைவெண் இல்லையே மாமா" என்றான் மருமகன். இல்லைத்தான். தனிப்பெறுமானத்துக்கு நிறைவெண்தான் வேண்டும் என்று சட்டமில்லை, எண்கோட்டில் நிற்கிற எதற்கும் தூரம் உண்டு. இதையும் சொல்லிவையுங்கள், பிறகு தசமம் வரும்போது புதுப் பாடம் என்று நினைக்காது.

படுக்கப் போக முன்னம் செய்ய எட்டுக் கணக்கு. கல்குலேட்டர் வேண்டாம்.

−6 − 7
−6 − (−7)
−9 + 4
|4 − 11|
−|−8|
(−4) × (−3)
|x| = 6
|x| + 3 = 1

விடைகள் வரிசையாக −13, 1, −5, 7, −8, 12. ஏழாவதுக்கு 6, −6 இரண்டும். முதலிரண்டையும் பிழை விட்டால் முற்றத்துக்குப் போங்கள், ஐந்தாவதைப் பிழை விட்டால் கடல் வரைபடக் கதையில் இருந்து திரும்பத் தொடங்குங்கள்.

எட்டாவதை மருமகன் வேகமாகச் செய்தான், |x| = −2 என்று கொண்டுவந்து, x = −2 என்று எழுதினான், இரண்டு கோடு அடிக்கப் போனவன் நிறுத்தினான். எழுந்து முற்றத்துக்குப் போய் 0இல் நின்றான். பூச்சியத்தில் இருந்து மறை இரண்டு அடி தூரத்தில் இருக்கிற இடத்தைத் தேடுகிறான். கடல் பக்கம் பார்த்தான், ரோட்டுப் பக்கம் பார்த்தான். திரும்பி வந்து −2ஐ வெட்டிவிட்டு "ஏலாது" என்று எழுதினான். பரீட்சையில் "தீர்வு இல்லை" என்று எழுதடா என்றேன்.